கை பொறுக்கும் சூடு

பசியாவரம்,
புதன்கிழமை.

அன்பு மகன் ரஞ்சித்குமாருக்கு,

உன் அம்மா தேவகி சொல்லச் சொல்ல உன் தங்கை சுபஸ்ரீ எழுதும் கடிதம். இங்கே உன் நைனாவும் நானும் சுபாவும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அந்த அனல் மின் நிலையத்துக் கரித்தூசியிலும் வெயிலிலும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும் என்று எல்லையம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஃபோன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு வார்த்தை சொல்கிறாய், அதற்குள் சிக்னல் போய்விடுகிறது, கடைசியில் நீ சொன்னதுதான் முடிவு என்று ஆகிவிடுகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உன்னோடு வேலை செய்யும் தனசேகர் லீவு முடிந்து சனிக்கிழமை சாயந்திரம் ரயில் ஏறுகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் ஃபோன் பண்ணு, பாதியில் பண்ணாதே.

விஷயம் இதுதான். போட் இன்ஜினை நாங்கள் விற்கப் போவதில்லை. ஆரம்பாக்கத்துப் பழைய இரும்புக்கடை ஆதிநாராயணனிடம், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ என்று நீ அங்கிருந்தபடியே வாக்குக் கொடுத்துவிட்டாய். அந்த வாக்கை நீயே திரும்ப எடுக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். நைனாவுக்கு வயசாகிறது, இன்ஜின் செத்துப்போச்சு, நடு ஏரியில் நின்றுபோனால் யார் பார்ப்பது, துறைமுகத்துப் பக்கம் வாட்ச்மேன் வேலை இருக்கிறது என்று நீ சொன்னதெல்லாம் எங்கள் மேல் உள்ள பாசத்தில்தான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இன்ஜின் சாகவில்லை. அதற்கு என்ன ஆயிற்று என்றும் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நைனா உன்னிடம் சொல்லவில்லை. "அவன்கிட்ட மட்டும் வாயத் தொறக்காதமே, என் மானம் பூடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியது தப்பு, இப்போது சொல்லிவிடுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நம் பாடு. நீ ஊரை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆனாலும் பாடு என்றால் என்னவென்று மறந்திருக்க மாட்டாய். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடும் அந்த இடத்தில் யார் வீடு என்றைக்கு வலை கட்டுவது என்று ஊர் கூடி வைத்திருக்கும் வரிசை. ஏரித் தண்ணீர் கடல் பக்கம் திரும்புவதற்குள் நம் முதல் கழியை மண்ணில் நட்டிருக்க வேண்டும். நடாவிட்டால் அந்த நாள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், நமக்கு மறுபடி வரிசை சுற்றி வர இருபது நாள் ஆகும், அதற்குள் இறால் காலமே முடிந்துபோகும். அடுத்த வீடு யார் என்று நினைக்கிறாய், உன் கஸ்தூரி அத்தை வீடுதான். "அண்ணன் இன்ஜின் ஓடலன்னா எங்களுக்கு இன்னா, நாங்க கட்டிக்கிறோம்" என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னாள். கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு அவ்வளவு தூரம் நேரத்துக்குப் போய்ச் சேர நைனாவின் தோள் இப்போது கேட்காது. ஆக வெள்ளிக்கிழமை விடிவதற்குள் இன்ஜின் ஓட வேண்டும். ஓடும்.

இப்போது நடந்ததைக் கேள். போன மாதம் நீ ஃபோன் பேசியபோது நைனா உன் வேலையைப் பற்றிக் கேட்டார் இல்லையா. எரிக்கிற கரியில் மூன்றில் ஒரு பங்கு சூடுதான் கரண்ட் ஆகிறது, மீதி இரண்டு பங்கைப் புகையிலும் தண்ணீரிலும் வீணாக விடுகிறார்கள், அந்தத் தண்ணீரை ஆற வைக்கும் கோபுரத்தில்தான் எனக்கு வேலை என்று சொன்னாய். நம் போட் இன்ஜினும் அப்படித்தான், குடிக்கிற டீசலில் மூன்றில் ஒரு பங்குதான் போட்டைத் தள்ளும் விசிறியைச் சுற்றுகிறது என்றும் சொன்னாய். நீ சொல்லிவிட்டு மறந்துவிட்டாய், நைனா மறக்கவில்லை. நண்டு ஓட்டைக்கூட நசுக்கிக் கோழிக்குப் போடுகிற மனுஷன் அவர், அறுந்த வலையைப் பிரித்துப் பூசணிக்கொடிக்குப் பந்தல் கட்டுகிறவர். "மூணுல ரெண்டு பங்க தண்ணில ஊத்துதுமே இந்த இன்ஜினு, நம்ம டீசல" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் புலம்பினார். இதற்கு நடுவில் வலைக்கு ஈயம் வாங்க ஆரம்பாக்கம் போனவர் அங்கே ஒரு நெல்வயலில் ஆயில் இன்ஜின் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு டிரம், டிரம்மிலிருந்து ஒரு குழாய் இன்ஜினுக்குப் போகிறது, இன்ஜினிலிருந்து ஒரு குழாய் டிரம்முக்கே திரும்பி வருகிறது. ஆகா, ஒரே தண்ணீரைச் சுற்றவிட்டே ஓட்டுகிறான், நாம் ஏன் ஏரித் தண்ணீரை இழுத்துச் சூடாக ஏரியிலேயே கொட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. நம் ஏரித் தண்ணீரில் சேறும் பாசியும் ஏறி வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லையும் எப்போதும் உண்டே. கேனில் நல்ல தண்ணீர் வைத்துச் சுற்றவிட்டால் சேறும் ஏறாது, சூடும் வீணாகாது, சூடாக இருக்கிற இன்ஜின் டீசலும் கம்மியாகக் குடிக்கும் என்று கணக்குப் போட்டு, நான் குடிதண்ணீர் பிடிக்கிற நீலக் கேனை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டில் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

அரை மணி நேரம் அருமையாக ஓடியதாம். அதற்குப் பிறகு தீய்ந்த வாடை வந்திருக்கிறது, இன்ஜின் இழுத்து இழுத்துச் சத்தம் போட்டுவிட்டு ஒரே அடியில் நின்றுபோயிருக்கிறது. கேனில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்ததாம். நைனா என்ன செய்தார் தெரியுமா, அந்த நிலைமையிலும் கேனை போட் நடுவில் மீன் போடும் குழிக்குள் ஒளித்துவைத்து, குழாயைப் பழையபடி ஏரிக்கு மாட்டிவிட்டு, அதன் பிறகுதான் கையைக் காட்டி உதவிக்குக் கூப்பிட்டார். கஸ்தூரி அத்தை வீட்டு போட்தான் கட்டி இழுத்து வந்தது. கேன் வாய் கோணி, வயிறு உப்பி வீடு வந்து சேர்ந்தது. ஏன் இப்படி ஆச்சு என்றால் "வெயில்ல வெச்சிட்டேன்மே, எளகிப்பூச்சு" என்றார். நான் நம்பினேன். சுபா நம்பவில்லை, ஆனால் அவள்தான் வாயைத் திறக்க மாட்டாளே.

பழவேற்காட்டிலிருந்து மெக்கானிக் விஜயராகவன் வந்து பார்த்தார். கேன் கதை அவருக்குத் தெரியாது, நைனா சொல்லவில்லை. அவர் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு நைனா, உனக்கும் இன்ஜினுக்கும். சீஸ் ஆயிட்டுகீது, உள்ள பிஸ்டன் பிடிச்சிக்கிச்சு. இரும்புக் கடைக்குப் போட்டுட்டு வேற வேல பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் நைனா உனக்கு ஃபோன் பண்ணினார், நீ ஆதிநாராயணனுக்கு ஃபோன் பண்ணினாய். அன்று முழுக்க நைனா கரையில் கவிழ்த்த போட் மாதிரி கிடந்தார். இரண்டு நாள் கழித்து, மறந்து வைத்துவிட்டுப் போன தன் சாமான் பையை எடுத்துக்கொண்டு போக விஜயராகவன் மறுபடி வந்தபோது சுபா என் முந்தானையைப் பிடித்து இழுத்து ஒரு தாளைக் கையில் திணித்தாள். நாள்காட்டியில் கிழித்த தாள், பின்பக்கம் எழுதியிருந்தது. இதை எழுத மாட்டேன் என்று இப்போது பேனாவை வைத்துவிட்டாள், நான் எழுது என்று உட்கார வைத்திருக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றவள், வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று அழுதவள், இனிமேல் போக வேண்டாம் என்று நாமும்தான் விட்டுவிட்டோம். அவள் அந்தத் தாளில் நாலு வரி எழுதியிருந்தாள். ஆறின பிறகு ஃப்ளைவீல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தீர்களா. ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாக இருக்கிறதா. வயசானதால் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா பலம் குறைய வேண்டும், ஒரே நாளில் ஏன் நின்றது. கடைசி வரி, கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கேனைப் பார்க்கவும்.

"இன்னாம்மா இது, எனக்குப் பரீட்சை வெச்சிகிறீங்க?" என்று நான் நீட்டியதைச் சிரித்துக்கொண்டே படித்த விஜயராகவன், கடைசி வரிக்கு வந்ததும் திரும்பிக் கேனைப் பார்த்தார். கேனைப் பார்த்தவர் நைனாவைப் பார்த்தார். நைனா ஏரியைப் பார்த்தார். "இன்னா நைனா, இதுல டீ போட்டியா?" என்று கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, நைனா மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் அவர் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தார். ஃப்ளைவீல் கையால் இறுக்கமாகச் சுற்றியது. மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் அதன் அடியில் வைக்கிற கேஸ்கெட் தகடு கருகிப்போயிருந்தது, பிஸ்டன் ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது, உள்ளே சிலிண்டர் சுவரில் இரண்டு மூன்று கீறல். ஹெட்டில் விரிசல் இல்லை. "உயிர் கீது, ஆனா வெள்ளிக்கு ஆவாது, எனக்குக் கையில வேற வேல கீது" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து சுபா என் காதில், சுத்தம் செய்கிற வேலையை நாம் செய்கிறோம் என்று சொல்லு என்றாள். சொன்னேன். "யாரு, நீயா செய்வே?" என்றார். என் பொண்ணு செய்வா என்றேன். கேஸ்கெட்டும் ரிங்கும் சென்னையிலிருந்து வாங்கி வியாழக்கிழமை வந்து மாட்டித் தருவதாக ஒத்துக்கொண்டு போயிருக்கிறார். மூன்று நாளாக நைனாவும் சுபாவும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கத்தியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். அவள் நகமெல்லாம் கறுப்பு. நான் உலை வைத்துவிட்டு வருகிறேன், நடுவில் இன்ஜின் விஷயத்தை அவளே எழுதட்டும், எனக்குச் சொல்லத் தெரியாது.

அண்ணா, நான் சுபா எழுதுகிறேன். டிரங்குப் பெட்டியில் இருந்த உன் ஐ.டி.ஐ. புத்தகத்தைக் கேட்காமல் எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வெப்ப இயந்திரம் பாடத்தை ஐந்து தடவை படித்தேன், ஐந்தாவது தடவைதான் கொஞ்சம் புரிந்தது. முதல் விதி எனக்குச் சுலபமாக இருந்தது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும் இல்லையா, கை செய்த வேலைதான் அங்கே சூடாக இருக்கிறது. நம் இன்ஜினும் காற்றை அப்படித்தான் அமுக்குகிறது, எவ்வளவு என்றால் தீப்பொறியே இல்லாமல் டீசல் பட்டதும் பற்றிக்கொள்கிற அளவுக்கு. பற்றிய பிறகு சூடான காற்று விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, இப்போது சூடு வேலையாக மாறுகிறது. வேலை சூடாகும், சூடு வேலையாகும், ஆனால் ஒன்றும் புதிதாக வராது, ஒன்றும் காணாமலும் போகாது. விசிறிக்குப் போனது, சைலன்சரில் போனது, தண்ணீரில் போனது எல்லாவற்றையும் கூட்டினால் எரித்த டீசலுக்குச் சரியாக வரும். நைனா போட்ட கணக்கு இதுதான், இதில் அவர் மேல் தப்பில்லை.

இரண்டாவது விதியில்தான் நான் நின்றுவிட்டேன். சூடு தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும், திரும்பி வராது, அது ஐஸ் பெட்டியைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் எந்த இன்ஜினும் வாங்கின சூடு முழுவதையும் வேலையாக்க முடியாது, ஒரு பங்கைக் குளிர்ந்த இடத்தில் இறக்கியே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தது. ஏன் இறக்கியே ஆக வேண்டும், நல்ல இன்ஜினாகச் செய்தால் என்ன என்று எனக்குப் புரியவே இல்லை. திங்கட்கிழமை கரி சுரண்டிக்கொண்டிருந்தபோது எதிரே யாரோ கட்டியிருந்த வலையைப் பார்த்தேன். தண்ணீர் வற்றும்போது ஏரி மேலே, கடல் கீழே, அதனால் தண்ணீர் இழுத்து ஓடும், வலை வாயைத் திறந்துகொண்டு புடைத்து நிற்கும், இறால் விழும். கடலும் ஏரியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அதே வலை துவைத்துப் போட்ட புடவை மாதிரி தொங்கும். அப்போதும் ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அது இறங்கிப் போக இடமில்லை. வலையைத் தாண்டின தண்ணீர் கடலுக்குப் போவது வீண் என்று நினைத்து யாராவது முகத்துவாரத்தை அடைத்தால் வலைக்கு இழுப்பே இருக்காது. சூடும் அப்படித்தான் என்று எனக்கு அப்போது பட்டது. கீழே குளிர்ந்த இடம் இருந்து, அங்கே அது இறங்கிக்கொண்டே இருந்தால்தான் நடுவில் பிஸ்டனுக்குக் கொஞ்சம் வேலை கிடைக்கும். பெரிய இறக்கமாக இருந்தால் அதிக வேலை கிடைக்கும், நல்ல இன்ஜின் என்றால் அதுதான். இறக்கமே வேண்டாம் என்றால் வேலையும் இல்லை.

நானாகச் சொல்லவில்லை அண்ணா, நைனாதான் கேட்டார். கத்தியை நிறுத்தாமல், குனிந்தபடியே, "கேன்ல தண்ணி இருந்திச்சே, அப்புறம் இன்னா?" என்றார். நான் வலையைக் காட்டிச் சொன்னேன். முதலில் கேன் தண்ணீர் குளிர்ந்திருந்தது, சூடு இறங்கிப் போனது, அதனால் ஓடியது. போகப் போகக் கேனும் இன்ஜின் மாதிரியே சூடாகிவிட்டது, இரண்டும் ஒரு மட்டம். உள்ளே டீசல் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. பிஸ்டன் பருத்து, ஆயில் தண்ணீர் மாதிரி நீர்த்து, பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொண்டது. நைனா கத்தியால் வலையைக் காட்டி, "அப்ப என் கேனு, நின்னுபோன தண்ணி" என்றார். ஆமாம் என்றேன். ஆரம்பாக்கத்து டிரம்மில் கிணற்றுத் தண்ணீர் விழுகிற மாதிரி இன்னொரு குழாய் இருந்திருக்குமே என்று கேட்டேன். "இருந்திச்சு. டிரம்மு வழிஞ்சி வாய்க்காலுக்குப் போய்க்கினே இருந்திச்சு. நெல்லுக்குப் பாயுதுன்னு நெனச்சிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இத்த நீ மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். நீ கேட்கவில்லையே நைனா என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அம்மா வருகிறாள்.

சுபா எழுதியதைப் படித்துக் காட்டினாள், எனக்குப் பாதி புரிந்தது, உனக்கு முழுக்கப் புரியும். இத்துடன் இன்றைக்கு நிறுத்துகிறேன். வெள்ளிக்கிழமை என்ன ஆகிறதோ அதையும் எழுதித்தான் உறையை ஒட்டுவேன், ஓடினாலும் ஓடாவிட்டாலும் மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை, காலை.

ரஞ்சித், ஓடிச்சு. ஆனால் லேசில் ஓடவில்லை, வரிசையாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை மத்தியானம் விஜயராகவன் வந்து மாட்டினார். நைனா கைப்பிடி போட்டுச் சுற்றினார், இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. "ஏரித் தண்ணி ஏறி எறங்கணும், அதான் கணக்கு. தண்ணி வெளிய ஊத்துற எடத்துல கைய வெச்சிக்கினே போ. பத்து எண்ற வரைக்கும் கை பொறுத்தா நல்லாகீது. பொறுக்கலன்னா அந்த நிமிஷமே நிறுத்து" என்று அவர் சொன்னார். நைனா கையை வைத்தார், எடுக்கவே இல்லை. பிறகு சுபா வைத்துப் பார்த்து ஆறு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள். குழாயை அடைத்திருந்த ஒரு துணித் துணுக்கை எடுத்த பிறகுதான் பத்து வந்தது. அப்போதுதான் தெரிந்தது, கயிறும் உப்பும் பட்டுப் பட்டு நைனா உள்ளங்கை காய்த்துப்போயிருக்கிறது, அடுப்பிலிருந்து நெருப்பைக் கையால் எடுக்கிற மனுஷனுக்குச் சூடு எங்கே தெரியும். கேன் கொதித்த அன்றைக்கும் தொட்டுப் பார்த்தாராம், வெதுவெதுப்பாகத்தான் இருந்ததாம்.

ஆக சுபா போட்டில் போக வேண்டும். நம் ஊரில் பொம்பளைகள் பாடு அன்றைக்கு வலை கட்டப் போகிற வழக்கம் இல்லை. கஸ்தூரி அத்தை வந்து, "இன்னாண்ணா, பொண்ண வெச்சி வல கட்டப்போறியாமே, இனிமே நாங்க மீசை வெச்சிக்கினு வரணுமா?" என்று கேட்டாள். நைனா, "அது வலைக்கு வரல கஸ்தூரி, இன்ஜினுக்கு வருது. மணல் திட்டுல எறக்கி வுட்டுட்டுத்தான் கழியத் தொடுவேன்" என்றார். சுபா என்னிடம் வந்து, எல்லாரும் பார்ப்பாங்கம்மா என்றாள். பார்க்கட்டும், நீ தண்ணீரைப் பார் என்றேன்.

வெள்ளிக்கிழமை வெளுக்கும்போது கிளம்பினார்கள். பின்னாலேயே அத்தை புருஷன் போட்டும் வந்தது, அடுத்த வரிசைக்காரன் கழியோடு வந்து நிற்கலாம், அது முறைதான். இன்னும் இரண்டு போட்டும் கூட வந்தது. பாதி வழி வரைக்கும் சுபாவின் கையில் பத்து வந்துகொண்டிருந்தது. ஆழம் குறைந்த இடத்தைத் தாண்டும்போது வெளியே வரும் தண்ணீர் மெலிந்திருக்கிறது, எட்டு ஆனது, ஐந்து ஆனது, மூன்று ஆனது. இன்ஜின் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் நைனாவுக்குக் கேட்காது. நாலு போட் ஆம்பளைகளுக்கு நடுவில் கத்த அவளுக்குக் கூச்சம், கை வேறு எரிகிறது. அப்புறம் எங்கிருந்து வந்ததோ, "நைனா, நிறுத்து!" என்று ஒரு கத்து. ஏரி முழுக்கக் கேட்டதாம், கூட வந்த மற்ற மூன்று போட்டும் நிறுத்திவிட்டார்களாம். நைனா சிரித்துக்கொண்டே சொன்னார், "பதினாறு வருசமா சேத்து வெச்சிருந்த சத்தம்மே அது."

நைனா இடுப்பளவு தண்ணீரில் குதித்து வடிகட்டியைத் தடவினால் பாசி கொத்தாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, பிய்த்து நம் போட்டுக்குள் எறிந்தார். விஜயராகவன் சொன்ன டீ கதை ஊருக்குள் பரவிவிட்டது போல, அத்தை புருஷன், "இன்னா மச்சான், மறுபடியும் டீயா? நாங்க முன்னாடி போவட்டா?" என்று கேட்டிருக்கிறார். நைனாவுக்கு ரோஷம் வந்து உடனே கைப்பிடியை எடுத்தார். சுபா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாளாம், இன்னும் ஆறவில்லை நைனா, இப்போது சுற்றினால் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று. தண்ணீர் எந்த நேரமும் கடல் பக்கம் திரும்பிவிடும், திரும்பிவிட்டால் பாடு போய்விடும், அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் விடவில்லை. வாளியில் ஏரித் தண்ணீரை மொண்டு மொண்டு குழாயில் விட்டு, கையை வைத்து, பத்து வந்த பிறகுதான் கைப்பிடியை விட்டாள். நைனா ஒரே சுற்றில் கிளப்பினார். போய்ச் சேர்ந்து இவளை மணல் திட்டில் இறக்கிவிட்டு, கழியைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடின ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றாள். தண்ணீர் திரும்பிவிட்டதா என்று பார்க்க ஒரு பிடி பாசியை மிதக்கவிடுவார்கள் இல்லையா, அத்தை புருஷன் நம் போட்டிலிருந்தே அந்தப் பாசியை எடுத்துத் தண்ணீரில் விட்டார். அது இருந்த இடத்திலேயே நின்றது. நைனா முதல் கழியை நட்டு ஆட்டிப் பார்த்துக் கையை எடுத்த பிறகுதான் அது மெல்லக் கடல் பக்கம் நகர்ந்ததாம். அத்தை புருஷன் தன் கழியைத் தன் போட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, இரண்டாவது கழிக்கு வந்து தோள் கொடுத்திருக்கிறார். அவரை அவ்வளவு மட்டமாக நினைத்துவிடாதே.

வலையில் நல்ல இறால் விழுந்தது, உனக்கும் கொஞ்சம் காயவைத்து அடுத்த தடவை அனுப்புகிறேன். இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆதிநாராயணனுக்கு உன் வாயாலேயே ஃபோன் பண்ணி, இன்ஜின் ஓடுகிறது, வர வேண்டாம் என்று சொல். நைனா சொல்லட்டும் என்று தள்ளிவிடாதே, வாக்குக் கொடுத்தவன் நீ. அவர் இந்தப் பக்கம் வருகிற வேலை வேறு ஏதாவது இருந்தால் அந்தக் கோணக் கேனை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகட்டும், எனக்குப் புதுக் கேன் நைனா வாங்கித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். உன்னால்தான் இப்படி ஆச்சு என்று நினைத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே, நீ சொன்னதில் தப்பில்லை, பாதி சொன்னாய், அவ்வளவுதான். கொதிக்கிற இடத்தில் வேலை செய்கிறாய், தண்ணீர் நிறையக் குடி, செருப்பில்லாமல் நடக்காதே. எல்லையம்மன் உன்னை எந்தக் காற்றிலும் கரை சேர்க்கட்டும், நீண்ட ஆயுசோடும் நல்ல உடம்போடும் இரு. நாளைக்கு இல்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆதிநாராயணன் வருகிற நாள், அதற்கு முன்னால் ஃபோன் பண்ண மறக்காதே.

இப்படிக்கு,
உன் நலம் தேடும் அம்மா,
தேவகி தருமலிங்கம்.

அண்ணா, உறை ஒட்டுவதற்குள் இதை எழுதுகிறேன், அம்மா பார்க்கவில்லை. உன் புத்தகத்தை நான் திருப்பித் தரப்போவதில்லை. அடுத்த இறால் காலத்தில் நம் பாடு வரும்போதும் நான்தான் கை வைக்கப் போகிறேன், நைனாவிடம் நானே கேட்டு வாங்கிவிட்டேன், சத்தமாகவே கேட்டேன். நீ வேலை செய்யும் கோபுரத்துக்குக் கீழே ஆறி விழுகிற தண்ணீர் இருக்கும் இல்லையா, மேஸ்திரியைக் கேட்டு ஒரு நாள் அதில் கை வைத்துப் பார். எத்தனை எண்ணும் வரைக்கும் பொறுக்கிறது என்று எனக்குச் சொல்.

சுபா.